ஆறேமுக்கால் லட்சம் கோடி

ஓர் எண் பெரியது என்கிற ஒரே காரணத்தினால் அதற்கு யாதொரு கௌரவமும் வந்துவிடுவதில்லை. கோடி என்றும் லட்சம் கோடி என்றும் சொன்ன மாத்திரத்தில் வாயடைத்து நிற்கிற சுபாவம் நம்மில் பலருக்கு உண்டு என்றாலும், எவ்வளவு பெரிய எண்ணை எவர் சொன்னாலும் அதனோடு ஒன்றைக் கூட்டிச் சொல்லி அவரை மடக்கிவிட ஒரு பள்ளிக்கூடத்துப் பையனாலேயே முடியும் என்கிறபோது, பருமனைக் கண்டு பிரமிப்பதற்கு அதிகமாக இடமில்லை. ஆனால் அந்தப் பையன் கூட்டுகிற ஒன்று இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல. ஓர் எண்ணை எந்தெந்த எண்கள் மீதி வைக்காமல் வகுக்கின்றனவோ அவற்றுள், 1 என்பதைத் தவிர, ஒன்றேனும் அதற்கு அடுத்த எண்ணை வகுக்காது. பருமனில் தோளோடு தோள் உரசி நிற்கிற இரண்டு எண்கள் உள்ளமைப்பில் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியமானவை. ஆகையால் ஓர் எண்ணின் குணம் அதன் நீளத்தில் இல்லை, வகுக்கப் போகிறவனுக்கு அது என்ன மீதி வைக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

திருவொற்றியூரில் ஒரு நகருக்கும் ரயில் நிலையத்துக்கும் தன் பெயரைக் கொடுத்துவிட்ட விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். தீப்பெட்டிக் கணக்கு டஜனிலும் குரோஸிலும் நடப்பது. ஒரு குரோஸ் 144 பெட்டி, பன்னிரண்டு குரோஸ் 1728 பெட்டி. 1728-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், அதாவது அதன் காரணிகள், 28. பாதி, கால், அரைக்கால், மூன்றிலொரு பங்கு, ஒன்பதிலொரு பங்கு என்று எந்தக் கடைக்காரர் எப்படிக் கேட்டாலும் ஒரு பெட்டியையும் உடைக்காமல் எடுத்துக் கொடுக்கலாம். அதன்மேல் ஒரே ஒரு பெட்டியை வைத்துப் பாருங்கள், 1729 ஆகிவிடுகிறது. இப்போது பாதியும் கிடையாது, காலும் கிடையாது. 7, 13, 19 என்கிற மூன்று பகா எண்களுக்கும் அவற்றைப் பெருக்கி வருகிறவற்றுக்கும் அல்லாமல் வேறெதற்கும் அது மசியாது. காரணிகள் எட்டே எட்டு. இந்த 1729-ஐத்தான், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாய் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது என்று, ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தபடியே ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குச் சொன்னார். அந்தக் கதையை நம்மவர்கள் மேடைதோறும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அதே ராமானுஜன் தம் கையால் எழுதி அச்சேற்றிய வேறோர் எண் இருக்கிறது. அது பதின்மூன்று இலக்கம் கொண்டது. அதைப் பற்றி மேடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அந்த எண்ணைப் பற்றித்தான் எழுத உத்தேசம். ஆனால் அதற்கு முன் எர்ணாவூர் சாலையில் சிறிது நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

வடக்கே கத்திவாக்கமும் எண்ணூரும், தெற்கே திருவொற்றியூரும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அதற்கப்பால் மணலியும், கிழக்கே அலைக்கு வெகு அருகில் ஓடும் எண்ணூர் விரைவு சாலையுமாக அமைந்த எர்ணாவூரில், நீண்ட எண்களைப் பார்ப்பதற்கு எவரும் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கித் தெற்கே போவனவும், காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்குமாக வடக்கே போவனவுமான டிரெய்லர் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிறபோது, ஒவ்வொரு கன்டெய்னரின் கதவிலும் பக்கவாட்டிலும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஆறு இலக்கங்களும் பெரிதாக எழுதப்பட்டு, அவற்றுக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் அடைபட்டிருப்பதைக் காணலாம். முதல் மூன்று எழுத்து உடைமைக்காரரைக் குறிப்பது, நான்காவது அது எந்த வகைச் சாமான் என்பதைக் குறிப்பது, ஆறிலக்கம் வரிசை எண். கட்டத்துக்குள் இருப்பதோ எதையும் குறிப்பதல்ல. மற்றவற்றைப் பார்த்துக்கொள்வதற்காக அது வைக்கப்பட்டிருக்கிறது.

அது பார்த்துக்கொள்கிற விதம் ரசமானது. எழுத்துக்கு எழுத்து ஒரு மதிப்பு உண்டு: 'ஏ' 10, 'பி' 12, 'சி' 13 என்று, 11, 22, 33 ஆகியவற்றை மாத்திரம் தாண்டிக்கொண்டு அது போகும். நான்கு எழுத்தும் ஆறு இலக்கமுமான பத்து ஸ்தானங்களையும் முறையே 1, 2, 4, 8, 16 என்று 512 வரை இரட்டித்துக்கொண்டே போகும் எடைகளால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வருகிற மீதியே கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம். விளக்கம் சொல்லுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் மாதிரி ஒன்று உண்டு: எழுத்துக்கள் சி, எஸ், கியூ, யூ; இலக்கங்கள் 305438. எழுத்து மதிப்புகள் 13, 30, 28, 32. எல்லாவற்றையும் எடையோடு பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே கட்டத்துக்குள் 3. கேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் தூக்கக் கலக்கத்தில் 305438 என்பதை 304538 என்று தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 6249 ஆகிவிடும், மீதி 1 ஆகிவிடும், கணினி உடனே முறைக்கும்.

இங்கே 11-க்குப் பதிலாக 12-ஐ வைத்திருந்தால் என்ன கெட்டுவிடும் என்று ஒருவர் கேட்கலாம்; 12 சர்வஜனப் பிரியமான எண், 11-ஐப் பிரியமென்று சொல்லுகிறவர் எவருமில்லை. ஆனால் 12-ஐ வைத்திருந்தால் வேலை கெட்டே போயிருக்கும். 16-ஐயும் 64-ஐயும் 12-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் மீதி 4. எனவே அந்த இரு ஸ்தானங்களில் உள்ள 3-ம் 5-ம் இடம் மாறி 503438 என்று எழுதப்பட்டாலும் மீதி மாறாது, பிழை தெரியாது. 11-ஆல் வகுக்கும்போதோ பத்து எடைகளும் 1, 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6 என்று பத்து வெவ்வேறு மீதிகளைத் தருகின்றன. ஒன்று போல் மற்றொன்று இல்லை. தன்னையும் ஒன்றையும் தவிர வேறெவர்க்கும் இடங்கொடாத பகா எண்ணின் கண்டிப்பு இந்தக் காவல் வேலைக்கு இன்றியமையாதது. (மீதி 10 வருகிற வரிசை எண்களை ஒதுக்கிவிடுவது நல்லது என்பார்கள், ஒதுக்காதவர்கள் கட்டத்துக்குள் 0 போட்டுவிடுகிறார்கள். எந்தக் கண்டிப்பிலும் இப்படி ஒரு ஓட்டை இருக்கத்தான் இருக்கிறது.)

சரக்குக்குக் காவல் நிற்கப் பகா எண் வேண்டும். சரக்கைப் பங்கிட வேண்டுமென்றால் அதற்கு நேர்மாறான குணம் படைத்த எண் வேண்டும். அந்த மாறான குணத்தின் உச்சத்தை ஆராய்ந்தவர் ஒரு துறைமுகக் குமாஸ்தா என்பதுதான் எனக்கு இந்தச் சாலையில் நிற்கும்போது ஞாபகம் வருகிறது. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில், மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில், ராமானுஜன் வேலைக்கு அமர்ந்தார். தலைவராயிருந்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்கிற பொறியாளர். மேலாளராயிருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர், இந்தியக் கணிதச் சங்கத்தைச் சேர்ந்தவர், இரவில் இந்தக் குமாஸ்தாவோடு ஸ்லேட்டும் கையுமாக உட்கார்ந்தவர். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் ஜாகை. 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய முதற்கடிதத்தில் தம்மை இந்தத் துறைமுகக் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்றுதான் அவர் அறிமுகப்படுத்திக்கொண்டார். அவ்வாண்டு மே மாதத்திலிருந்து பல்கலைக்கழகத்தின் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கிடைத்ததும் குமாஸ்தா உத்தியோகம் முடிந்தது. 1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா என்னும் கப்பலில் அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டுப் போனார்.

அந்தக் காலத்துக் கணக்குப் பேரேட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை, ஆக ரூபாய்க்கு 192 பை. சரக்கின் எடையோ டன். ஒரு டன்னுக்கு இருபது அந்தர், 2240 ராத்தல். தசமக் கணக்கில் பழகிப்போன நமக்கு இவையெல்லாம் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் நாம் கொண்டாடும் 1000-க்குக் காரணிகள் 16 மாத்திரமே, 2240-க்கு 28. மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ள நூறு காசில் ஒரு காசு மீதியாகி நிற்கும். 192 பையில் மீதி நிற்காது. மீதியைக் கண்டு அஞ்சிய தலைமுறைகள் ஏற்படுத்திக்கொண்ட அளவைகள் இவை. துறைமுகக் கணக்குதான் ராமானுஜனின் கணிதத்துக்கு வித்திட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகங்கள் அதற்கு வெகு முன்பே நிறைந்துவிட்டன. வகுபடுதல் என்பது அவருடைய மேஜைமேல் பகல் முழுவதும் கிடந்த சங்கதி என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கிலாந்து போய்ச் சேர்ந்த மறுவருஷம், 1915-இல், லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அறுபது பக்கத்துக்கு மேற்பட்ட அவருடைய கட்டுரை வந்தது. உயர் பகு எண்கள் என்பது அதன் பொருள். தனக்குச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிகமான காரணிகளை உடைய எண் எதுவோ அது உயர் பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை தொடங்குகிறது. நாழிகைக்கும் மணிக்கும் டஜனுக்கும் மனிதர்கள் தாமாகவே தேர்ந்தெடுத்த எண்கள் பல இதற்குள் இருப்பதைக் காணலாம். நூற்றுச் சொச்சம் எண்கள் கொண்ட ஓர் அட்டவணையைப் போட்டு, அதன் கடைசியில் அவர் நிறுத்திய எண்தான் நான் சொல்ல வந்தது: 67,46,32,83,88,800. ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. வாய் வழக்கில் ஆறேமுக்கால் லட்சம் கோடி என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொன்னால் பருமன் வந்துவிடும், எண் போய்விடும்.

அதன் உள்ளே பார்ப்போம். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவற்றில் ஒவ்வொன்று. இவற்றைப் பெருக்கினால் அந்த எண். ஒரு காரணியைத் தயாரிக்க வேண்டுமானால் 2-களில் ஒன்றும் எடுக்காமலோ ஆறு வரையிலோ எடுக்கலாம், ஆக ஏழு வழி. 3-களில் ஐந்து வழி. 5-லும் 7-லும் மும்மூன்று வழி. மற்ற ஐந்திலும் இவ்விரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கினால் 10080. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிஷமோ அத்தனை காரணிகள். இந்தப் பதினாயிரத்து எண்பதுக்கும் காரணி எண்ணினால் 72, 72-க்கு 12, 12-க்கு 6, பிறகு 4, 3, 2 என்று ஏழே படியில் அந்த மகா எண் இரண்டில் வந்து இறங்கிவிடுகிறது. 1 முதல் 28 வரை எந்த எண்ணைக்கொண்டு வகுத்தாலும் மீதி இராது. 29 பேர் வந்து நின்றால்தான் முதன்முறையாகத் தடுமாற்றம், 26 மீதி.

இருபத்தொன்பது பேரென்ன, ஏழு பேருக்கே மீதி வராமல் பங்கிடுவது கரையில் எளிய காரியமில்லை. எர்ணாவூர்க் குப்பத்தில் ஃபைபர் போட்டிலிருந்து வலையை இறக்கி உதறியதும், போட்டுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். மீனை எண்ணிப் பிரிப்பதென்றால் ஒருநாளும் முடியாது. காரப்பொடியும் நெத்திலியுமாகக் கலந்து கிடப்பதைக் கண்ணளவாகக் கூறு போட்டு வைத்துவிட்டால், கூறுக்குக் கூறு ஒன்றிரண்டு மீன் கூடியோ குறைந்தோ இருக்கும்; அதை யாரும் கேட்பதில்லை, மிஞ்சியது குழம்புக்குப் போகிறது. கணக்கனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு பை உதைத்தாலும் பேரேட்டை மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டியதுதான்.

உயர் பகு எண்களின் அமைப்பில் ஒரு நியதி இருப்பதை ராமானுஜன் எடுத்த எடுப்பில் காட்டுகிறார். அவற்றில் வரும் பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவெளியின்றி வர வேண்டும். சிறிய பகா எண் பெரிய பகா எண்ணைக் காட்டிலும் குறைந்த தடவை வரக்கூடாது. காரணம் எளிது. 13-ஐ விட்டுவிட்டு 17-ஐ வைத்திருக்கிற எண்ணில் 17-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 13-ஐ வைத்தால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மாத்திரம் சிறியதாகிவிடும். ஆகவே முன்னது உச்சமாக இருந்திருக்க முடியாது. இன்னொரு நியதி கொஞ்சம் சூட்சுமமானது: கடைசியாக வரும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், 4, 36 ஆகிய இரண்டு எண்களில் தவிர. அந்த இரண்டு விலக்கும் ஏன் என்று பார்க்கப் புகுந்தவர்கள் ஒரு மாலைப் பொழுதைச் சந்தோஷமாகச் செலவிடலாம்.

இந்த உரைகல்லில் நம்முடைய பழைய பெரிய எண்களைத் தேய்த்துப் பார்க்கும் ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320-இல் ஒன்று. கீழ்முந்திரி அதிலும் 320-இல் ஒன்று. அதற்குக் கீழே வாய்பாட்டில் வழங்கிவருகிறபடி 21-இல் ஒன்று இம்மி, 11-இல் ஒன்று மும்மி, 7-இல் ஒன்று அணு, 9-இல் ஒன்று குணம், 5-இல் ஒன்று பந்தம், 6-இல் ஒன்று பாகம், 7-இல் ஒன்று விந்தம், 17-இல் ஒன்று நாகவிந்தம். பெருக்கிப் பார்த்தால் ஒன்றுக்குள் அடங்கும் நாகவிந்தங்கள் 53,20,11,11,04,000. ராமானுஜனின் எண்ணுக்கு ஏறக்குறைய அண்ணன் தம்பி போலப் பருமன். ஆனால் காரணிகள் 4480 மாத்திரமே. ஏனென்று பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது: 2 பதின்மூன்று தடவை வந்து குவிந்துகிடக்கிறது, 13 அடியோடு இல்லை, 17 இருக்கிறது. மேலே சொன்னபடி 17-ஐ 13 ஆக்கினால் எண் 40,68,32,02,56,000 ஆகக் குறைந்துவிடும், காரணி ஒன்றுகூடக் குறையாது. எனினும் 2-ஐயும் 5-ஐயும் மாத்திரம் கட்டிக்கொண்டு அழாமல் 7-ஐயும் 9-ஐயும் 11-ஐயும் உள்ளே கொண்டுவந்த அந்த வாய்பாட்டுக்காரரைத் தசமக் கணக்கர்களைவிட நான் மேலாகவே மதிக்கிறேன்.

புராண சம்பிரதாயத்தில் மகாயுகத்துக்கு 43,20,000 வருஷம். ராமானுஜன் அட்டவணையில் அதற்கு வெகு அருகில் 43,24,320 நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே 4320 தான் வித்தியாசம். ஏனென்றால் முன்னது 4320-இன் ஆயிரம் மடங்கு, பின்னது ஆயிரத்தோரு மடங்கு. ஆயிரம் என்பது ஏற்கெனவே உள்ளே இருக்கிற 2-ஐயும் 5-ஐயுமே மறுபடி மறுபடி கொண்டுவருகிறது. ஆயிரத்தொன்றோ 7, 11, 13 என்று மூன்று புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. மகாயுகத்துக்குக் காரணிகள் 180, மற்றதற்கு 384. மடங்கில் ஒன்று கூடியதற்கு இத்தனை பலன்.

இனி அட்டவணையில் நேர்ந்த ஒரு விடுபாடு. 4800 காரணிகள் உடைய எண்ணுக்கும் 5376 காரணிகள் உடைய எண்ணுக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய ஓர் எண் ராமானுஜன் கண்ணுக்குத் தப்பிவிட்டது: 2,93,31,86,25,600. கையால் கணக்கிட்டவருக்கு நூற்றுச் சொச்சத்தில் ஒன்று தப்பியது குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. அதில் இருக்கிற விநோதத்தைத்தான் சொல்ல வேண்டும். தப்பிப்போன அந்த எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் கடைசி எண் வந்துவிடுகிறது. காணாமற்போனது முழுவதும் கடைசி வரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, 23 என்கிற ஒரு கதவைச் சாத்திக்கொண்டு. ஆகவே அதற்குக் காரணிகள் 10080-இல் சரிபாதி, 5040.

5040 கிரேக்கர்களுக்குப் பழக்கமான எண். பிளேட்டோ தம் சட்டங்கள் என்னும் நூலில், நல்ல நகரத்துக்கு 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும், அப்போதுதான் நிலத்தையும் வரியையும் சேனையையும் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்று விதிக்கிறார். 1 முதல் 12 வரை 11 ஒன்றைத் தவிர எல்லா எண்களும் அதை வகுக்கும். அந்த 11-க்கும் அவர் பரிகாரம் வைத்திருந்தார், இரண்டு குடும்பத்தை நீக்கிவிட்டால் 5038 ஆகும், 11 அதை வகுத்துவிடும் என்று. எண்ணைக் கெடுக்காமல் இருக்கக் குடும்பத்தை நீக்கத் தயங்காத இந்தத் தத்துவ ஞானியிடம் எனக்குச் சற்றுப் பயம் உண்டு. பங்கீட்டுக்காக அவர் ஒதுக்கப் பார்த்த அதே 11 இன்று எர்ணாவூர் சாலையில் ஒவ்வொரு இரும்புப் பெட்டியின் கதவிலும் காவலுக்கு நிற்கிறது என்பது தெரிந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ராமானுஜனின் இந்தக் கட்டுரையைப் பற்றி ஹார்டிக்கு இரண்டு மனம். சமனிலிகளைக் கையாளுவதில் அவருக்கிருந்த அசாத்தியத் திறமை இதில் விளங்குகிறது என்று புகழ்ந்த ஹார்டி, விவரங்களின் பாரம் அதிகமென்றும், கணிதத்தின் பெருக்கோட்டத்திலிருந்து ஒதுங்கிய ஒரு கழியில் இருக்கிற விஷயம் இதுவென்றும் சொல்லத் தவறவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு கழி என்றால் அது மட்டமாகத்தான் தோன்றும். எண்ணூர்க் கழியைப் பார்த்தவர்களுக்கு, அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்து மேடிட்டுப்போன இந்தக் காலத்திலும், இறாலும் நண்டும் குஞ்சும் குறுமாலுமாகப் பெருகிக் கடலுக்குப் போகிற இடம் அது என்று தெரியும். அந்தக் கட்டுரைக்கும் அப்படித்தான் ஆயிற்று. யுத்த காலத்தில் லண்டன் சங்கத்துக்குப் பணமுடை. செலவைக் குறைப்பதற்காக ராமானுஜன் எழுதியதில் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. அச்சேறிய பகுதிக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. அச்சேறாத பகுதி காகிதக் கட்டில் கிடந்தது.

அந்தப் பகுதியில் அவர் செய்திருந்தது இது. காரணிகள் எத்தனை என்று எண்ணுவதோடு நில்லாமல், காரணிகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகை எந்த எல்லை வரைக்கும் போகலாம் என்று ஆராய்ந்து, ரீமானுடைய பிரசித்தமான ஊகம் உண்மையாயிருக்குமானால், போதிய அளவு பெரிய எண்களுக்கெல்லாம் அந்தத் தொகை இன்ன வரம்பைத் தாண்டாது என்று நிறுவியிருந்தார். ரீமானின் ஊகமோ பகா எண்களின் பரவலைப் பற்றியது. 1859-இல் சொல்லப்பட்டு இன்றுவரை நிறுவப்படாமல் நிற்பது. 1984-இல், ராமானுஜனின் அந்தப் பக்கங்கள் இன்னும் அச்சுக்கு வராதிருக்கையில், ரோபேன் என்கிற பிரெஞ்சுக் கணிதர் இதைத் துல்லியமாக்கிவிட்டார்: ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு மேற்பட்ட எல்லா எண்களும் அந்த வரம்புக்குள் அடங்கினால் ரீமான் ஊகம் மெய், ஒன்றே ஒன்று மீறினாலும் பொய். அந்தக் குறிப்பிட்ட எண் 5040. வரம்பை மீறுவதாக இதுவரை தெரியவந்த எண்களில் பெரியதும் கடைசியானதும் அதுவே. அதன் காரணிகளின் கூட்டுத்தொகை 19344. பிளேட்டோ நகரத்துக்குக் குறித்த எண், ராமானுஜன் அட்டவணையில் தவறிய எண்ணின் காரணி எண்ணிக்கை, கணிதத்தின் மிகக் கடினமான கேள்விக்கு எல்லைக்கல், எல்லாம் ஒன்றேயாகிப்போனதைத் தற்செயல் என்று சொல்லுவதா, 5040 போன்ற எண்கள் அரிதானவை, ஆகையால் எங்கே போனாலும் அவையே எதிர்ப்படும் என்று சொல்லுவதா? நான் பின்னதைச் சொல்லுவேன். 1997-இல் அதே ரோபேனும் நிக்கோலா என்பவருமாகச் சேர்ந்து, விடுபட்ட பக்கங்களைக் குறிப்புரையோடு ராமானுஜன் பெயரிலேயே நடக்கும் ஓர் ஆய்விதழில் அச்சேற்றினார்கள்.

வட சென்னைக்காரர்கள் ராமானுஜனைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து, ராமானுஜனின் கடிதங்களையும் அவரைத் தெரிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி வெளியிட்ட பி. கே. சீனிவாசன், 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் பெயரால் ஒரு காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் ஏற்படுத்தினார். பெரிய கட்டிடம் அல்ல. பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போடுகிற இடமாக அது இருக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம், அதற்குக் கட்டிடம் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அட்டவணையை ராமானுஜன் ஆறேமுக்கால் லட்சம் கோடியில் நிறுத்தினாரே தவிர வரிசை அங்கே நிற்கவில்லை. எந்த எண்ணை இரட்டித்தாலும் காரணிகள் கூடத்தான் செய்யும். ஆகையால் ஓர் உயர் பகு எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் உள்ளாக அடுத்த உயர் பகு எண் வந்தே தீர வேண்டும், வரிசைக்கு முடிவே கிடையாது. கடைசி வரிக்கு அடுத்ததைக் காண விரும்புகிறவர்கள் நான்கு 3-களில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு 2-களைச் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். 89,95,10,45,18,400 வரும், காரணிகள் 10368. அதற்கு அடுத்தது 93,16,35,82,51,200.